மணி அடித்தால் போதுமா?

மருந்தைச் சொன்னபடி எடுக்க உதவும் கருவிகள், ஆப்கள், ஏற்பாடுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்
கே: சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது விட்டுப்போகிறது. இப்படி இருப்பவன் நான் ஒருவன்தானா?

ப: உங்கள் வகுப்பில் மாணவர்கள் ஏராளம், ஐயா. வசதியான நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. எனவே வெட்கம் வேண்டாம். மறைப்பதில்தான் ஆபத்து. விட்டுப்போனதை நீங்கள் சொல்லாவிட்டால், மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டுவார். அதன்பிறகு ஒரு நாள் நீங்கள் திருந்தி எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கத் தொடங்கினால், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். அடுத்த முறை போகும்போது 'வாரத்தில் இரண்டு நாள் விடுகிறேன்' என்ற வாக்கியத்தோடு தொடங்குங்கள்.

இல்லத்தரசி, சேலம்
கே: என் கணவர் செக்கப்புக்குப் போகும் வாரம் மட்டும் மாத்திரையும் நடையுமாகச் சமர்த்தாக இருக்கிறார். டாக்டரும் பாராட்டி அனுப்புகிறார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டா?

ப: 1980-களிலேயே வந்துவிட்டது. மூடிக்குள் சிப் வைத்த மருந்துப் புட்டி. திறக்கும் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். அந்தப் பதிவுகளைப் படித்த ஆய்வாளர்கள் உங்கள் கணவர் மாதிரி நிறையப் பேரைப் பார்த்தார்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பும் பின்பும் ஒழுங்கு உச்சத்தில் இருக்கும்; ஒரு மாதத்தில் சரிந்துவிடும். உங்களுக்கு அந்தப் புட்டி தேவையில்லை. சர்க்கரை நோய் என்றால் ஹெச்பிஏ1சி பரிசோதனை போதும். அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். ஒரு வாரச் சமர்த்து அங்கே செல்லாது. ஆனால் அவரைப் பிடித்துக் கொடுப்பதற்காக அதைக் கேட்காதீர்கள். மற்ற வாரங்களில் அவரைத் தடுப்பது எது என்று பேசுவதற்காகக் கேளுங்கள்.

வங்கி ஊழியர், திருநெல்வேலி
கே: ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா வாங்கலாமா?

ப: இரண்டு மூன்று மாத்திரைக்கு மேல் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். 'காலையில் போட்டேனா, போடவில்லையா?' என்ற குழப்பத்தை அது தீர்க்கும். விட்டுப்போவதைப் போலவே மறந்து இரண்டு முறை விழுங்குவதும் ஆபத்து. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று.

மூன்று விதிகள் உண்டு. வாரம் ஒரு முறை, ஒரே ஆள், மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள அட்டைத் துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. சில மருந்துகளை டப்பாவுக்கு மாற்றவே கூடாது: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரான் ஈரம் பட்டால் கெட்டுவிடும், நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் அதன் புட்டியிலேயே இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்
கே: கிழமை அச்சிட்ட மாத்திரை அட்டை யார் மூளையில் உதித்தது?

ப: கருத்தடை மாத்திரையில் அதைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர். 1960-களின் தொடக்கத்தில் மனைவி மாத்திரை போட்டாரா என்று இருவருக்கும் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. முதலில் ஒரு தாளில் கிழமைகளை எழுதி மேலே மாத்திரைகளை வைத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக்கில் ஒரு சுழல் டப்பா செய்தார். 1964-ல் காப்புரிமையும் பெற்றார். நம் நாட்டு மாலா-டி அட்டை இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் 28 மாத்திரைகள்: 21 கருத்தடைக்கு, 7 இரும்புச்சத்துக்கு. 'எந்த நாளில் நிறுத்தி எந்த நாளில் தொடங்குவது' என்று எண்ணும் வேலையே பெண்ணுக்கு இல்லை. பேட்டரியோ இணையமோ கேட்காத நல்ல தொழில்நுட்பம்.

மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்
கே: போனில் ரிமைண்டர் வைத்திருக்கிறேன். அடிக்கிறது, நிறுத்துகிறேன், மறக்கிறேன். இன்னும் நல்ல ஆப் எது?

ப: ஆப்பை மாற்றுவதற்கு முன் ஒரு செய்தி. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் சிலருக்கு மாத்திரை டப்பா, சிலருக்கு நேரம் காட்டும் மூடி, சிலருக்கு நாள் குறிக்கும் பட்டை கொடுத்தார்கள். தபாலில் அனுப்பியதோடு சரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், எதுவுமே பெறாதவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒலிப்பது எளிது, கேட்ட நேரத்தில் மாத்திரையும் தண்ணீரும் கைக்கு எட்ட வேண்டுமே! பயணத்தில், கூட்டத்தில், அடுப்படியில் அடிக்கும் மணியை யாரும் நிறுத்தத்தான் செய்வார்கள். நீங்கள் தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டுங்கள்: பல் துலக்குவது, இரவு கதவு பூட்டுவது. தைராய்டு மாத்திரை மட்டும் காபியோடு வேண்டாம். வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி.

வாகனப் பழுதுபார்ப்பாளர், ஓசூர்
கே: மாத்திரை போட்டால் பரிசு என்று சொன்னால் எல்லோரும் போடுவார்களே?

ப: செய்து பார்த்துவிட்டார்கள். மாரடைப்பிலிருந்து தப்பிய சுமார் 1,500 அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு அது. மின்னணுப் புட்டி, தினமும் குலுக்கல் பரிசு, தவறினால் நண்பருக்குத் தகவல் என்று சகலமும் இருந்தன. ஒரு வருடத்தில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் குறையவில்லை. மறதியால் விடுகிறவரைப் பரிசு எழுப்பலாம். பயத்தாலும் பக்கவிளைவாலும் விடுகிறவரை அது தொடாது.

நர்சிங் மாணவர், வேலூர்
கே: மாத்திரைக்குள்ளேயே சிப் வைக்கிறார்களாமே?

ப: வைத்தார்கள். 2017 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அபிலிஃபை மைசைட் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. மணல் துகள் அளவு சென்சார். செம்பு, மெக்னீசியம், சிலிக்கான். இரைப்பை அமிலம் பட்டதும் சிறு சமிக்ஞை எழும்பும், உடம்பில் ஒட்டிய பட்டை அதைப் பிடித்துப் போனுக்கு அனுப்பும். வியப்பான பொறியியல்தான். ஆனால் அது மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்து. 'யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள்' என்ற அச்சத்தில் தவிக்கும் ஒருவரிடம் கண்காணிக்கும் மாத்திரையைக் கொடுப்பது சரியா என்று மருத்துவர்களே கேட்டார்கள். நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்க இது உதவும் என்பது நிறுவப்படவில்லை என்று அதன் விவரக் குறிப்பிலேயே அச்சிட்டிருந்தது. சென்சாரைச் செய்த புரோட்டியஸ் நிறுவனம் 2020-ல் திவால் மனு போட்டது. விழுங்கியதை நிரூபிப்பது ஒரு வேலை, விழுங்க உதவுவது வேறு வேலை. இரண்டாவதற்குத்தான் நமக்கு ஆள் தேவை.

சுகாதாரப் பணியாளர், விழுப்புரம்
கே: காசநோய் மருந்துக்கு மிஸ்டு கால் முறை என்கிறார்களே, அது எப்படி?

ப: அதன் பெயர் 99டாட்ஸ், இந்தியாவிலேயே, பெங்களூரில் பிறந்த யோசனை. மாத்திரை அட்டையை ஒரு காகித உறையில் ஒட்டிக் கொடுப்பார்கள். மாத்திரையைத் தள்ளி எடுக்கும்போது உறை கிழிந்து, பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணைக் கூப்பிட்டால் அன்றைய மருந்து பதிவாகிவிடும். காசு செலவில்லை, சாதாரண போன் போதும். எண் எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அட்டையைப் பிரிக்காமல் கூப்பிட முடியாது.

கச்சிதமான கற்பனை. ஆனால் சென்னையிலும் மும்பையிலும் நோயாளிகளின் வீட்டுக்குச் சொல்லாமல் போய்ச் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது, அழைப்புக் கணக்கும் உண்மையும் பலரிடம் ஒத்துப்போகவில்லை. மருந்தை விழுங்கியும் கூப்பிடாதவர்கள் இருந்தார்கள். கூப்பிட்டும் விழுங்காதவர்கள் இருந்தார்கள். போன் வீட்டில் வேறொருவரிடம் இருக்கும், சார்ஜ் இருக்காது, தொடர்பு கிடைக்காது. இதில் உங்களைப் போன்றவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: திரையில் 'தவறியது' என்று வந்தால் அது குற்றப்பத்திரிகை ஆகாது. யார் வீட்டு வாசலுக்கு இன்று முதலில் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே.

மருத்துவ மாணவி, மதுரை
கே: காசநோய்க்கு மட்டும் ஏன் ஒருவர் கண்ணெதிரே விழுங்கச் சொல்கிறார்கள்?

ப: அந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுப்பதும், நெரிசலான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஒரே பலனைத் தருமா என்று அங்கே ஒப்பிட்டார்கள். 1959-ல் விடை வெளியானது: வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் சளைத்ததில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவை குறைய அது வழிவிட்டது.

ஆனால் வீட்டில் மருந்தை யார் கவனிப்பது? ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸும் குழுவினரும் இந்தக் கேள்வியை விடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி சுகமாக உணரத் தொடங்கியதும் மருந்தை விடுகிறார் என்பது புரிந்தது. இருமல் சில வாரங்களில் அடங்கும், கிருமி ஒழிய ஆறு மாதம் ஆகும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். அதனால்தான் வாரம் இரு முறை, ஒருவர் முன்னிலையில் மருந்து என்ற முறையையும் அங்கேயே சோதித்தார்கள். பின்னாளில் உலகமெங்கும் பரவிய 'டாட்ஸ்' திட்டத்தின் வேர்களில் ஒன்று இது.

அதே மாணவி
கே: மருந்து எடுத்ததற்கு உடம்பே சாட்சி சொல்லாதா?

ப: சொல்லும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும். நோயாளியிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து அன்றோடு மருந்தை நிறுத்திவிடுவார்.

பேருந்து நடத்துநர், திண்டுக்கல்
கே: ஷிஃப்ட் வேலையில் தினமும் மையத்துக்குப் போய் மருந்து விழுங்க முடியுமா?

ப: கஷ்டம்தான். அதற்காகத்தான் வீடியோ வழி வந்தது. இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நோயாளிகள் தாங்கள் மருந்து விழுங்குவதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். முதல் இரண்டு மாதத்தில் திட்டமிட்ட வேளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் கவனிக்கப்பட்டவர்கள், வீடியோ முறையில் 70%. நேரில் வரச் சொன்ன முறையில் 31%. அங்கே கருவி நோயாளியின் நேரத்துக்கு இறங்கி வந்தது. அதனால் வென்றது.

சமூகப்பணித் துறை ஆய்வாளர், புதுச்சேரி
கே: குறுஞ்செய்தி அனுப்பினால் பலன் உண்டா, இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

ப: இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சீனாவில் 36 வட்டாரங்களில் காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. மருந்தில் ஐந்தில் ஒரு பங்காவது தவறிய மாதங்களை எண்ணினார்கள். வழக்கமான முறையில் அவை சுமார் 30%. மருந்து நேரத்தை நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். மட்டும் பெற்றவர்களிடம் 27%. பெரிய வித்தியாசம் இல்லை. ஒலி எழுப்பி, திறந்ததைப் பதிவு செய்யும் மருந்துப் பெட்டி கொடுத்தவர்களிடம் 17%. அந்தப் பதிவை மருத்துவர் மாதந்தோறும் பார்த்தார், தவறியவர்களைக் கூடுதலாகக் கவனித்தார்.

இனி கென்யா. அங்கே 538 எச்.ஐ.வி. நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு செய்தி போனது. 'மாத்திரை போடு' என்ற சொல்லே அதில் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு மட்டும். சிக்கல் என்று பதில் வந்தாலோ, 48 மணி நேரத்தில் பதிலே வராவிட்டாலோ, செவிலியர் போனில் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 62%. செய்தி பெறாதவர்களில் 50%. ரத்தத்தில் வைரஸும் குறைந்தது. 2010-ல் வந்த இந்த முடிவை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். நினைவூட்டிய செய்தியைவிட விசாரித்த செய்தி பலித்திருக்கிறது. பலித்த இரண்டு இடத்திலும், கருவிக்கு மறுமுனையில் பதிலைப் படிக்க ஒருவர் இருந்தார்.

விவசாயி, ஈரோடு
கே: எனக்கு மறதியே இல்லைங்க. பிரஷர் மாத்திரை போட்டால் வறட்டு இருமல் வருது, அதனால் நானே நிறுத்திட்டேன். எனக்கு எந்த மெஷின் சரிப்படும்?

ப: எதுவும் வேண்டாங்க. டாக்டர் போதும். பிரஷருக்குத் தரும் ஒரு வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமல் கொடுப்பது தெரிந்த விஷயம். இருமல் தராத மாற்று மருந்து இருக்கிறது. மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டினால், சாப்பாட்டோடு எடுக்கவோ மெதுவாகக் கரையும் வகைக்கு மாறவோ வழி உண்டு. அந்த வகையில் மாத்திரையின் கூடு சில சமயம் மலத்தோடு அப்படியே வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கிய பிறகு மிஞ்சும் வெறும் ஓடு அது. 'கரையவே இல்லை' என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாமல் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள்.

தையல் தொழிலாளி, திருப்பூர்
கே: மாதக் கடைசியில் மாத்திரை வாங்கப் பணம் இல்லாததால் விடுகிறோம். எங்களுக்கு ஆப் எதற்கு?

ப: நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மா. பணம் இல்லாத வீட்டில் அலாரம் வைப்பது மனிதரை வருத்துவது மட்டுமே. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மருந்துகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மருந்து தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. உங்கள் பகுதித் தன்னார்வலர் யார் என்று சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். வெளியே வாங்க வேண்டியிருந்தால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்தின் ஜெனரிக் வகை மலிவு.

அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்
கே: மாரடைப்புக்குப் பிறகு அண்ணனுக்குக் கை நிறைய மாத்திரை. எல்லாவற்றையும் ஒன்றாக்க முடியாதா?

ப: முடியும். பாலிபில் என்று பெயர். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மருந்து, ரத்த அழுத்த மருந்து மூன்றும் ஒரே மாத்திரையில். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 2,004 பேரிடம் நடந்த ஆய்வில், ஒன்றாக்கிக் கொடுத்தபோது 86% பேர் ஒழுங்காக எடுத்தார்கள். தனித்தனியாக எடுத்தவர்களில் 65%. மாரடைப்பு வந்தவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்த 2022 ஆய்வில், இதய மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பாலிபில் எடுத்தவர்களில் 9.5% பேருக்கும் மற்றவர்களில் 12.7% பேருக்கும் வந்தன. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. அண்ணனுக்குப் பொருந்துமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது நீங்கள்.

அதே வாசகர்
கே: மாத்திரையே இல்லாமல் செய்ய முடியாதா?

ப: சில நோய்களில் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரானும் எச்.ஐ.வி. மருந்தான லெனகாபாவிரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகள். 365 நாள் நினைவில் வைப்பதை இரண்டு நாளாகக் குறைக்கும் கண்டுபிடிப்பு. விலை எளியவர்களுக்கு எட்டினால்தான் அதை முழு வெற்றி என்பேன்.

மூட்டுவலி நோயாளி, காஞ்சிபுரம்
கே: மெதோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பில் நானே பதிவு செய்துவிட்டால் போதும்தானே?

ப: உடனே அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு. ஆப்பில் 'தினமும்' என்று ஒரு முறை தவறாகத் தட்டிவிட்டால், அந்தத் தவறை அது ஒரு நாள்கூட விடாமல் நினைவூட்டும். மருத்துவர் நிறுத்திய மருந்தும், மாற்றிய அளவும் நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. பதிவு செய்ததை மருந்தாளுநரிடம் காட்டிச் சரிபாருங்கள். எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எந்த மருந்தாக இருந்தாலும், விட்டுப்போன வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாக விழுங்காதீர்கள். என்ன செய்வது என்று போனில் கேளுங்கள்.

மகள், சிங்கப்பூர்
கே: அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். மாத்திரை தவறினால் என் போனுக்குத் தகவல் வரும் பெட்டியும் ஒரு கேமராவும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரியா?

ப: உங்கள் கவலை புரிகிறது. முதலில் அப்பாவிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெட்டி அனுப்பலாம்; கேமரா வேண்டாம். தன் வீட்டில் கண்காணிக்கப்படுவதாக உணரும் மனிதர் பெட்டியைத் திறந்து மூடிவிட்டு மாத்திரையை ஜன்னல் வழியே போட்டுவிடலாம். தகவல் எந்த நிறுவனத்துக்குப் போகிறது, வேறு யாருக்கு விற்கப்படலாம் என்பதையும் வாங்கும் முன் படியுங்கள். அவருடைய நோய் விவரம் அவருக்குச் சொந்தம். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: இரவு ஒன்பது மணிக்கு 'தவறியது' என்று உங்களுக்குத் தகவல் வருகிறது. அப்பா போனை எடுக்கவில்லை. கதவைத் தட்டப் போகிறவர் யார்? எதிர்வீட்டு அக்காவா, மெடிக்கல் ஷாப் தம்பியா? அந்தப் பெயர் கிடைத்த பிறகு பெட்டி வாங்குங்கள்.

குடும்பத் தலைவர், அரியலூர்
கே: கடைசியாக, எதில் தொடங்குவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

ப: வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எதை நிறுத்தலாம், எதை ஒரே வேளைக்குக் கொண்டு வரலாம் என்று கேளுங்கள். மருந்து குறைந்தால் மறதியும் குறையும். அடுத்து, தவறுவதற்குக் காரணத்தைப் பெயர் சொல்லுங்கள்: மறதியா, பணமா, பக்கவிளைவா, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்ற எண்ணமா? மறதிக்கு டப்பாவும் மணியும் உதவும். பணத்துக்குச் சுகாதார நிலையம். பக்கவிளைவுக்கு மருத்துவர். நான்காவதற்குப் பொறுமையான பேச்சு. கடைசியாக, வாரம் ஒரு நாள் டப்பாவைப் பார்த்து, கோபப்படாமல் 'என்ன ஆச்சு?' என்று கேட்க வீட்டில் ஒருவரை நியமியுங்கள். அது யார் என்று இன்று இரவே பேசி முடிவெடுங்கள். கருவியின் விலையை நாளைக்கு விசாரிக்கலாம்.